பேலியோவா, கீட்டோவா? ஈரலுக்கும் சுவரொட்டிக்கும் அளவு தெரிந்து சாப்பிடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை சேலத்துக் கறிக்கடைகளில் வெயில் ஏறுவதற்குள் ஈரலும் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) தீர்ந்துவிடும். தானியமும் பருப்பும் தவிர்க்கும் பேலியோ, மாவுச்சத்தை மிகவும் குறைக்கும் கீட்டோ டயட்டில் இருப்பவர்களும் இப்போது தேடி வாங்குகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் எல்லா உள்ளுறுப்பையும் ஒரே கணக்கில் சேர்த்தால் தப்பாகிவிடும்.

ஈரலுக்கு அளவு வைப்பது வைட்டமின் ஏ. செம்மறி ஈரல் 100 கிராமில் 7,000 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 3,000. ஒரு நாள் கூடினால் ஒன்றும் ஆகாது. மிஞ்சியது உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால் தினமும் தின்றால்தான் வினை: தலைவலி, தோல் உரிதல், முடி கொட்டுதல், கடைசியில் நம் ஈரலே கெடும். ஆகவே எந்த டயட்டானாலும் வாரம் ஒரு முறை, ஆளுக்கு 100 கிராம். கர்ப்பிணிகளுக்கு ஈரல் வேண்டவே வேண்டாம். ரத்தம் ஊறும் என்று வீட்டில் எவ்வளவு வற்புறுத்தினாலும் சரி, வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும்.

இரும்புச்சத்துதான் குறி என்றால் சுவரொட்டி வாங்குங்கள். ஈரலைவிடப் பல மடங்கு இரும்பு, வைட்டமின் ஏ இல்லையென்றே சொல்லலாம். சுவரில் எறிந்தால் ஒட்டிக்கொள்ளுமாம், பெயர்க்காரணம் அப்படிச் சொல்வார்கள். தோலோடு அங்கங்கே குத்திவிட்டு, சிறு தீயில் சுட்டு, உள்ளே ரத்தம் உறைந்த பின் நறுக்குங்கள்.

கீட்டோக்காரர்கள் ஈரலின் மாவுச்சத்தைக் கண்டு பயப்படுகிறார்கள். அது 100 கிராமுக்கு 2 கிராம் அளவுதான். கணக்கைக் கெடுப்பது சின்ன வெங்காயம்: 100 கிராம் போட்டால் நார் கழித்தும் 13 கிராம் சேரும். நாலைந்து வெங்காயத்தோடு நிறுத்தி, காரத்துக்கு ஏற்காட்டு மிளகைத் தட்டிப் போடுங்கள். பேலியோவுக்குக் கடலை எண்ணெய் ஆகாது, நெய்யோ செக்குத் தேங்காய் எண்ணெயோ ஊற்றுங்கள். குடல் குழம்பில் கெட்டிக்காக அரைத்து ஊற்றும் பொட்டுக்கடலை இரண்டு டயட்டுக்கும் ஒத்துவராது. தேங்காய் மட்டும் அரைத்தால் போதும்.

வாங்கும்போது ஈரல் பளபளப்பாக, அடர்சிவப்பாக இருக்கவேண்டும். வெள்ளைக் கட்டியோ நீர்க்கொப்புளமோ தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பச்சைக் கறை இருந்தால் பித்தம் உடைந்து பட்டது. அந்த இடத்தை அறுத்து எறியாவிட்டால் சட்டி முழுக்கக் கசக்கும்.

மேல் சவ்வை உரித்து, விரல் அகலத் துண்டாக வெட்டிக் கழுவி, நீரை ஒட்ட வடியுங்கள். எண்ணெயில் வெங்காயம், இஞ்சி பூண்டு, மஞ்சள்தூள் வதங்கியதும் ஈரலைப் போட்டு, நடுத்தரத் தீயில் நாலு நிமிடம் மூடி, பிறகு திறந்து இன்னும் நாலு நிமிடம் புரட்டுங்கள். உப்பு, மிளகு இறக்கும் நேரத்தில்தான். முதலிலேயே உப்புப் போட்டால் நீர் விட்டு ரப்பராகும். குக்கரில் விசில் விட்டால் மண்போல் உதிரும். ஒரு துண்டைப் பிளந்து பாருங்கள், நடுவில் சிவப்புத் தெரியக்கூடாது. கோழி ஈரலில் இதை இன்னும் கண்டிப்பாகப் பாருங்கள், அரைவேக்காட்டில் கிருமி சாகாது.

கொழுப்பைக் குறைத்துச் சாப்பிடுபவர்களுக்கு மூளையும் குடலும் சரிவராது. மூளை 100 கிராமில் 1,300 மில்லிகிராம் அளவுக்குக் கொலஸ்ட்ரால் உண்டு. யூரிக் அமிலம் கூடி கால் கட்டைவிரல் வீங்குபவர்கள் பேலியோவில் இருந்தாலும் ஈரல், சுவரொட்டி, சிறுநீரகம் மூன்றையும் விட்டுவிட்டு முட்டை, பனீர் பக்கம் போங்கள்.