வீட்டிலேயே கறிவேப்பிலை உப்பு

மோர், வெள்ளரிக்காய், கொய்யா, அவித்த சோளம் என எதன் மேல் தூவினாலும் ருசி கூட்டும் உப்பு இது. செய்வதும் சுலபம்.

2 கைப்பிடி கறிவேப்பிலையைக் கழுவி, துணியில் ஒற்றி, நிழலில் 3 அல்லது 4 நாள் உலர விடுங்கள். வெயிலில் காயவைத்தால் நிறமும் மணமும் போய்விடும். இலையைக் கசக்கினால் நொறுங்க வேண்டும், அதுதான் பதம். அரை கப் கல் உப்பை வெறும் வாணலியில் சிறு தீயில் வறுத்து ஈரம் போக்கி, நன்றாக ஆறவிடுங்கள். அப்புறம் அரை ஸ்பூன் மிளகு, இலை, உப்பு மூன்றையும் மிக்சியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். கொரகொரப்பாக இருந்தால்தான் நன்றாக இருக்கும். மாவாக அரைத்தால் கட்டி தட்டும்.

எலுமிச்சை உப்புக்கு மஞ்சள் தோலை மட்டும் துருவுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும். 4 ஸ்பூன் உப்புக்கு 1 ஸ்பூன் துருவல் போதும். இரண்டையும் விரலால் நன்றாகத் தேய்த்துக் கலந்து, தட்டில் பரப்பி ஈரம் முழுவதும் போகும்வரை காயவையுங்கள். வறுத்த மீனுக்கு இது அருமை.

இந்த உப்புகளில் பச்சைப் பூண்டு மட்டும் சேர்க்க வேண்டாம், ஈரம் விடும்.

கொலுவுக்கு வருபவர்களுக்குத் தாம்பூலத்தோடு சின்னக் கண்ணாடி பாட்டிலில் கொடுக்கலாம். தகர மூடி துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் மூடியாகப் பாருங்கள். செய்த தேதியையும், ‘சமையலில் சேர்த்தால் வழக்கமான உப்பைக் குறைக்கவும்’ என்பதையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.