பைத்தானில் டிபிஎம்: சர்வர் வேண்டாத குட்டி டேட்டாபேஸ்

ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு. சேமிக்க வேண்டியது இவ்வளவுதான் என்றால் டேட்டாபேஸ் சர்வர் நிறுவி, யூசர் உருவாக்கி, பாஸ்வேர்ட் வைத்து மெனக்கெட வேண்டியதில்லை. பைத்தானோடு கூடவே வரும் டிபிஎம் (டேட்டாபேஸ் மேனேஜர்) மாட்யூல் போதும். யுனிக்ஸுக்காக கென் தாம்சன் 1979-ல் எழுதிய டிபிஎம்தான் இதற்கு மூலம். பைத்தான் டிக்‌ஷனரி தெரிந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். டிக்‌ஷனரி புரோகிராம் முடிந்ததும் காணாமல் போகும், இது டிஸ்க்கில் தங்கும்.

ஒரு பழக்கடை விலைப்பட்டியலை எடுத்துக்கொள்வோம். பைத்தான் 3-ல் வேரியபிள் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதால் அப்படியே வைக்கிறேன். கட்டளைச் சொற்களை மட்டும் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

முதல் படி: திறப்பது

டிபிஎம்மை இம்போர்ட் செய்யுங்கள். அப்புறம் அதன் ஓப்பன் ஃபங்ஷனுக்கு இரண்டு விஷயம் கொடுக்க வேண்டும்: ஃபைல் பெயர், எப்படித் திறப்பது என்பதற்கான ஓர் எழுத்து. திரும்பி வருவதை விலை என்ற வேரியபிளில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்து 'சி' என்றால் ஃபைல் இருந்தால் திறக்கும், இல்லையென்றால் உருவாக்கும். 'ஆர்' படிக்க மட்டும். எதுவும் கொடுக்காவிட்டால் இதுதான். 'டபிள்யூ' ஏற்கெனவே உள்ள ஃபைலில் எழுத. 'என்' விஷயத்தில் மட்டும் உஷார்: அது எப்போதும் காலி ஃபைலில்தான் தொடங்கும், பழைய சரக்கு மொத்தமும் போய்விடும். பழகும்வரை 'சி'யை விட்டு நகர வேண்டாம்.

இரண்டாம் படி: போடுவதும் எடுப்பதும்

விலை["மாதுளை"] = "220"
விலை["கொய்யா"] = "80"

220-ஐச் சுற்றி மேற்கோள் குறி இருப்பதைக் கவனியுங்கள். டிபிஎம்முக்கு எண், லிஸ்ட் எதுவும் தெரியாது. எழுத்துச் சரத்தையோ பைட்டுகளையோதான் அது வாங்கும். சரி, இப்போது விலை["மாதுளை"] என்று கேட்டுப் பாருங்கள். 220 வரும், ஆனால் முன்னால் ஒரு சின்ன 'பி' ஒட்டியிருக்கும். நீங்கள் எதைக் கொடுத்தாலும் உள்ளே பைட்டாகத்தான் போகிறது, பைட்டாகத்தான் வெளியே வருகிறது. எண்ணாக வேண்டுமென்றால் இன்ட் ஃபங்ஷனுக்குள் போடுங்கள். தமிழ் எழுத்தாக வேண்டுமென்றால் டீகோட் செய்யுங்கள். இல்லாத பழத்தைக் கேட்டால் கீஎரர் வரும். அது வேண்டாம் என்றால் கெட் மெத்தட் இருக்கிறது.

தமிழில் எழுதுகிறவர்கள் இந்த பைட் சமாச்சாரத்தில் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும். எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் முறையான யூடிஎஃப்-8-ல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். கண்ணுக்கு மூன்றெழுத்தாகத் தெரியும் 'மாதுளை'யில் துணைக்கால், கொக்கி எல்லாம் சேர்த்து 6 குறியீடுகள், ஆக 18 பைட். அதில் சிக்கல் இல்லை. 'கொய்யா'வில்தான் இருக்கிறது. 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. ஆனால் முதலாவது 18 பைட், இரண்டாவது 21 பைட். டிபிஎம்முக்கு இவை இரண்டு வெவ்வேறு பழங்கள். ஒரு கீபோர்டில் அடித்துப் போட்ட விலையை வேறொரு இடத்திலிருந்து காப்பி செய்த பெயரால் தேடினால் கீஎரர் வருவதற்கு இது ஒரு காரணம். யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ் ஃபங்ஷனில் 'என்எஃப்சி' கொடுத்து, போடும்போதும் தேடும்போதும் பெயரை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். தமிழ்ப் பெயர்களைச் சாவியாக (கீ) வைப்பதென்றால் இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

மூன்றாம் படி: மூடுவது

வேலை முடிந்ததும் குளோஸ் செய்யுங்கள். அதைவிட நல்லது, வித் கட்டத்துக்குள் திறப்பது. நடுவில் எரர் வந்தாலும் தானே மூடிவிடும். டிபிஎம்மின் எளிய வடிவமான 'டம்ப்' தன் அட்டவணையை முழுசாக எழுதுவது பெரும்பாலும் மூடும்போதுதான். அதற்கு முன் கரண்ட் போனால் கடைசியாகச் செய்த மாற்றங்கள் தங்கியிருக்கும் என்று நம்ப முடியாது.

மொத்தப் பட்டியலும் வேண்டுமென்றால் கீஸ் மெத்தட். போட்ட வரிசையிலேயே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எந்த டிபிஎம்?

பெயர் ஒன்று, உள்ளே ஆட்கள் பலர்: டிபிஎம் என்ற பெயருக்கு அடியில் நிஜமாகச் சேமிப்பவை வெவ்வேறு வடிவங்கள். லினக்ஸில் பெரும்பாலும் ஜிடிபிஎம் இருக்கும். விண்டோஸில் வெகுகாலம் டம்ப் மட்டும்தான். அது ஒரு ஃபைல் கேட்டால் '.dat', '.dir' என்ற பின்னொட்டுகளோடு இரண்டு மூன்றாக உருவாக்கும். பைத்தான் 3.13 முதல், புது ஃபைல் என்றால் எஸ்க்யூலைட்டைத்தான் (இதுவும் சர்வர் வேண்டாத ஒரு டேட்டாபேஸ்) டிபிஎம் முதலில் தேர்ந்தெடுக்கிறது. ஒன்று எழுதிய ஃபைலை இன்னொன்று படிக்காது. கையில் இருப்பது எந்த வகை என்று 'விச்டிபி' ஃபங்ஷன் சொல்லும். வேறு கம்ப்யூட்டருக்கு எடுத்துப்போவதாக இருந்தால் ஃபைலைத் தூக்கிப் போகாமல், உள்ளே இருப்பதை ஜேசானாக (எங்கும் படிக்கக்கூடிய எழுத்து வடிவம்) எழுதிக்கொண்டு போவதே தலைவலி இல்லாத வழி.

லிஸ்ட், டிக்‌ஷனரி எல்லாம் சேமிக்க ஆசை வந்தால் ஷெல்வ் மாட்யூலைப் பாருங்கள். அடியில் இதே டிபிஎம்தான், மேலே லிஸ்ட் போன்றவற்றை பைட்டுகளாக மாற்றித் தரும் பிக்கிள் மாட்யூல். அதனால் முன்பின் தெரியாதவர் அனுப்பிய ஷெல்வ் ஃபைலைத் திறக்கவே கூடாது. திறந்தால் அதில் ஒளித்து வைத்த கோட் உங்கள் மெஷினில் ஓட வாய்ப்பிருக்கிறது.

இரண்டு புரோகிராம் ஒரே நேரத்தில் எழுத வேண்டும், அல்லது 'நூறு ரூபாய்க்குக் குறைந்த பழங்கள் எவை' என்று மதிப்பை வைத்துத் தேட வேண்டும் என்றால் டிபிஎம்மோடு மல்லுக்கட்ட வேண்டாம். பைத்தானிலேயே இருக்கும் எஸ்க்யூலைட்டுக்கு நேரடியாகப் போய்விடுங்கள்.