வேறு அளவு டயர் போடப் போகிறீர்களா? முதலில் நடு எண்ணைப் பாருங்கள்

என் காரோடு வந்த டயர் 185/65 ஆர்15. நாலும் தேய்ந்துபோய் மாற்றப் போன அன்று கடையில் அந்த அளவு இருப்பு இல்லை. "205/65 ஆர்15 இருக்கு. அதே 65, அதே 15. அகலம் மட்டும்தான் கொஞ்சம் கூட" என்றார்கள். எனக்கும் சரியாகத்தான் பட்டது, மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டு வாசலில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும்போது முன்பக்கத்திலிருந்து கரகரவென்று சத்தம். இறங்கிக் குனிந்து பார்த்தால், சக்கரத்தைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் மறைப்பில் உள்ளங்கை அகலத்துக்கு டயர் தேய்த்த தடம், பளபளவென்று.

மறுநாளே கழற்றிவிட்டு 195/60 ஆர்15 போட்டேன். இன்றுவரை உரசல் இல்லை. அந்த ஒரு இரவில் உட்கார்ந்து போட்ட கணக்கும் அதற்கப்புறம் கற்றுக்கொண்டதும்தான் இந்தப் பதிவு.

படி 1: கம்பெனி அளவைக் கண்டுபிடியுங்கள்

இப்போது மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து எழுதாதீர்கள். பழைய கார் வாங்கியவர் என்றால் முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே அளவை மாற்றியிருக்கலாம். டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில், இல்லாவிட்டால் காரின் கையேட்டில், சரியான அளவு இருக்கும். கடைசியில் வரும் எண்ணையும் எழுத்தையும் விடாமல் எழுதுங்கள்: 185/65 ஆர்15 88 எச். அதே ஸ்டிக்கரில் வேறொரு அளவும் அச்சாகியிருந்தால் அதையே வாங்குங்கள். கீழே உள்ள கணக்கு எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது.

படி 2: நடு எண், நான் தவறிய இடம்

185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நடுவில் இருக்கும் 65 மில்லிமீட்டரும் இல்லை, அங்குலமும் இல்லை. அது சதவீதம். டயரின் பக்கச்சுவர் உயரம், அகலத்தில் 65 சதவீதம் என்று அர்த்தம்.

அதாவது, அகலம் மாறினால் அதே 65 வேறு உயரத்தைக் காட்டும். 185-இல் 65 சதவீதம் 120.25 மி.மீ. 205-இல் 65 சதவீதம் 133.25 மி.மீ. எண் மாறவே இல்லை, சுவர் 13 மி.மீ. உயர்ந்துவிட்டது. அந்த 13 மி.மீ. சுற்றளவு முழுக்கச் சேர்ந்ததால்தான் மறைப்பில் உரசியது.

மொத்த விட்டத்துக்கு: பக்கச்சுவரை இரண்டால் பெருக்குங்கள் (மேலே ஒன்று, கீழே ஒன்று), ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கி அதோடு கூட்டுங்கள்.

185/65 ஆர்15: 240.5 + 381 = 621.5 மி.மீ.
205/65 ஆர்15: 266.5 + 381 = 647.5 மி.மீ. (4.2% கூடுதல்)
195/60 ஆர்15: 234 + 381 = 615 மி.மீ. (1% குறைவு)
195/55 ஆர்16: 214.5 + 406.4 = 620.9 மி.மீ. (ஏறக்குறைய அதே)

அகலத்தைக் கூட்டினால் நடு எண்ணைக் குறைக்க வேண்டும் என்பது இதைப் பார்த்தாலே புரியும். வித்தியாசம் 2 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 3 சதவீதம் வரை போகலாம் என்று பலர் சொல்வார்கள், நான் போகமாட்டேன்.

ஸ்பீடோமீட்டரும் இதில் அடங்கும். விட்டம் கூடினால் ஒரு சுற்றுக்கு கார் கூடுதல் தூரம் ஓடும், ஆனால் மீட்டருக்கு அது தெரியாது. என் 205/65 டயரில், முன்பு 100 கி.மீ. வேகத்தில் போனபோது மீட்டர் எதைக் காட்டியதோ அதையே காட்டும்போது கார் 104-இல் போய்க்கொண்டிருந்தது. மீட்டர் எக்காரணம் கொண்டும் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பது ஐ.நா. வாகன விதி எண் 39. பெரிய டயர் அந்தப் பாதுகாப்பைத்தான் தின்கிறது.

இணையத்தில் டயர் கால்குலேட்டர்கள் நிறைய உண்டு. கையால் ஒருமுறை போட்டுவிட்டு, சரிபார்க்க மட்டும் அதைத் திறங்கள். அவற்றில் பல விட்டத்தோடு நின்றுவிடும். அடுத்த இரண்டு படிகளை அவை சொல்லாது.

படி 3: ரிம்மின் அகலம்

ரிம்மின் உட்புறத்தில் "5.5ஜே" என்பது போல அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு டயர் அளவுக்கும் எத்தனை அங்குல அகல ரிம் பொருந்தும் என்று தயாரிப்பாளர்களின் பட்டியல் உண்டு. 185/65 ஆர்15-க்கு 5 முதல் 6.5 வரை, 195/60 ஆர்15-க்கு 5.5 முதல் 7 வரை. உங்கள் ரிம் 5 அங்குலம் என்றால் 195/60-ஐ மறந்துவிடுங்கள்.

படி 4: எடையும் வேகமும்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோ. நாலு டயருக்கும் சேர்த்து 240 கிலோ வித்தியாசம். 88 இருந்த காரில் 84 போட்டுவிட்டு, குடும்பத்தோடு டிக்கி நிறையச் சாமான் ஏற்றிக்கொண்டு போவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. கம்பெனி எண்ணுக்குச் சமமாகவோ மேலாகவோதான் வாங்க வேண்டும். எழுத்தும் அப்படியே, அது டயர் தாங்கும் உச்ச வேகம்: டி என்றால் மணிக்கு 190 கி.மீ., எச் 210, வி 240. இறங்காதீர்கள்.

படி 5: இடைவெளி

அதே ரிம்மில் 20 மி.மீ. அகலம் கூடினால் உள்பக்கம் சுமார் 10, வெளிப்பக்கம் சுமார் 10. என் காரில் டயருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் நடுவில் 18 மி.மீ. இருந்தது. 205 போட்டதும் 8 ஆனது. அங்கே தப்பித்தது, மறைப்பில் மாட்டிக்கொண்டது. அதனால் ஒரே இடத்தைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள்.

இந்த வேலைக்கு அளவுகோலைவிடக் குழந்தைகள் விளையாடும் களிமண்தான் எனக்குப் பிடித்த கருவி. பழைய டயர் மாட்டியிருக்கும்போதே, சந்தேகமான இடங்களில் விரல் கனத்துக்கு ஒட்டுங்கள். பின் சீட்டில் ஆட்களை உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒடித்து, மெதுவாக ஒரு மேட்டில் ஏற்றி இறக்குங்கள். களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறதோ, அதில் மீதி நிற்கும் கனம்தான் உங்கள் கையிருப்பு. முடிந்ததும் சுரண்டி எடுக்க மறக்காதீர்கள்.

ரிம்மையும் 16-க்கு மாற்றலாமா என்றால், கணக்குப்படி சரி. நான் மாற்றவில்லை. 120 மி.மீ. இருந்த சுவர் 107 ஆகிவிடும், பள்ளத்தில் விழும்போது ரிம் அடிவாங்கும். சாலை நன்றாக இருக்கும் இடத்தில் ஓட்டுபவர்கள் யோசிக்கலாம்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், "என் பழைய 185/65 டயரை அளந்தால் 608 மி.மீ.தான் வருகிறது, உங்கள் கணக்கு தப்பு" என்று எழுதியிருந்தார். அவர் அளந்தது தேய்ந்த டயரை. புதிய டயரில் தரையைத் தொடும் பரப்பில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் ஆழம் சுமார் 8 மி.மீ. இருக்கும், 1.6-க்குத் தேய்ந்தால் விட்டத்தில் 13 மி.மீ. போய்விடும். எப்போதும் டயரில் அச்சிட்டிருக்கும் எண்களிலிருந்து கணக்கிட்ட அளவை வைத்தே ஒப்பிடுங்கள்.

இன்னொருவருக்குப் புது டயர் போட்டதும் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்ததாம். காற்று சரியாகவே இருந்தது. சில கார்கள் அழுத்தத்தை நேரடியாக அளக்காமல், சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்து ஊகிக்கின்றன. டயர் மாற்றியபின் கையேட்டில் சொன்னபடி அதை ரீசெட் செய்ய வேண்டும். முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு என்று நீங்களாகக் கலந்து போட்டிருந்தால் ரீசெட் போதாது. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.-உம் அதே வேகங்களை ஒப்பிட்டுத்தான் வேலை செய்கிறது, நாலையும் ஒரே அளவாக்குங்கள்.

ஸ்டெப்னி? என்னுடையது இன்னும் பழைய 185/65தான். பஞ்சரானால் முன், பின் இரண்டில் எஞ்சின் இழுக்காத சக்கரங்கள் இருக்கும் பக்கத்தில் மாட்டி, நிதானமாக அருகில் இருக்கும் பஞ்சர் கடை வரை மட்டும் ஓட்டுகிறேன். நாலு சக்கரமும் இழுக்கும் கார் என்றால் ஸ்டெப்னியையும் புது அளவிலேயே சேர்த்து வாங்கிவிடுங்கள்.