3டி படப்பிடிப்புக்குப் புதியவர்களா? அளவு நாடாவிலிருந்து தொடங்குங்கள்

ஒளிப்பதிவில் தேர்ந்தவர்களுக்கும் 3டி புதிய பாடமாக இருப்பதற்குக் காரணம், அதில் ஆழத்தை ஒளியாலும் நிழலாலும் உணர்த்தினால் மட்டும் போதாது, மில்லிமீட்டரில் அளக்கவும் வேண்டும் என்பதே. எனவே இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் ஒவ்வொன்றாக இரண்டு கேமராக்களைத் தாங்கும் சட்டமான ரிக்கைத் தொடும் முன் அளவு நாடாவையும் ஒரு குறிப்பேட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாரலாக்ஸைப் புரிந்துகொள்ள வேண்டும். இடக்கண் படத்திலும் வலக்கண் படத்திலும் ஒரே பொருள் திரையில் எவ்வளவு தள்ளி விழுகிறது என்பதே அது. விலகல் இல்லாவிட்டால் பொருள் திரையிலேயே இருப்பதாகத் தெரியும். வலக்கண் படம் வலப்புறம் விலகினால் திரைக்குப் பின்னாலும், இடப்புறம் விலகினால் திரைக்கு முன்னாலும் தெரியும். பெரியவர்களின் கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 63 முதல் 65 மில்லிமீட்டர் தூரம் இருக்கிறது. தொலைவிலுள்ள மலை திரையில் அதைவிட அதிகமாக விலகினால் கண்கள் வெளிப்புறமாக விரிய வேண்டிவரும், அதற்கு அவை பழகியவையல்ல. 10 மீட்டர் அகலத் திரையில் 65 மில்லிமீட்டர் என்பது 2048 பிக்ஸல் படத்தில் வெறும் 13 பிக்ஸல். 60 சென்டிமீட்டர் அகல மானிட்டரில் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. மானிட்டரில் அடக்கமாகத் தெரியும் ஆழம் திரையரங்கில் கண்ணை வருத்துவது இதனால்தான்.

அடுத்து, காட்சியில் மிக அருகிலுள்ள பொருளுக்கும் மிகத் தொலைவிலுள்ள பொருளுக்கும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள். இரு லென்ஸ்களின் மையங்களுக்கு இடையிலான தூரம், அருகிலுள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. பெரிய திரைக்கு அது அதிகம். அறுபதில் ஒரு பங்கிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. நடிகர் 1.5 மீட்டரில் நின்றால் 2.5 சென்டிமீட்டர்தான் கிடைக்கும். இரண்டு சினிமா கேமராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவ்வளவு நெருக்க முடியாது என்பதால்தான் கண்ணாடி ரிக் தேவைப்படுகிறது. அதில் 45 பாகையில் சாய்ந்த, பாதி ஒளியை மட்டும் பிரதிபலிக்கும் கண்ணாடி வழியே ஒரு கேமரா நேராகப் பார்க்கிறது, மற்றொன்று பிம்பத்தைப் பார்க்கிறது. இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரு ஸ்டாப், அதாவது பாதி ஒளி குறையும். பிம்பத்தைப் பார்க்கும் கேமராவின் படத்தைத் திருப்பிப் போடவும் வேண்டும்.

இனி வருவது சீரமைப்பு. பயிற்சி நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள். கிடைமட்ட விலகல் ஆழத்தைத் தரும், செங்குத்து விலகலோ எந்த அளவிலும் பிழையே. ஒரே மாதிரியான இரண்டு சார்ட்டுகளை (கோடுகள் வரைந்த சோதனை அட்டைகளை), ஒன்று அருகிலும் ஒன்று தொலைவிலுமாக வையுங்கள். தொலைவிலுள்ளதைப் பார்த்து கேமராவின் மேல்கீழ்ச் சாய்வைச் சரிசெய்யுங்கள். உயர வேறுபாடு தொலைவில் அவ்வளவாகத் தெரியாது. பிறகு அருகிலுள்ளதைப் பார்த்து உயரத்தைச் சரிசெய்து, மீண்டும் தொலைவுக்குத் திரும்புங்கள். சார்ட்டின் இடவிளிம்பு மேலேயும் வலவிளிம்பு கீழேயும் விலகினால் கேமரா பக்கவாட்டில் சுழன்றிருக்கிறது. மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் எதிரெதிராக விலகினால் லென்ஸ்களின் குவியத் தூரம் பொருந்தவில்லை.

இரு கேமராக்களுக்கும் ஷட்டர், வண்ணம், துளை ஒன்றாக இருக்கட்டும். தானியங்கிக் குவியத்தை அணைத்துவிடுங்கள். இரு கேமராக்களும் ஒவ்வொரு ஃபிரேமையும் ஒரே கணத்தில் பதியவைக்கும் ஜென்லாக் இணைப்பு அவசியம். கிளாப் தட்டிப் பிற்பாடு ஒத்திசைத்தாலும் அரை ஃபிரேம் வரை பிசகு தங்கிவிடும், ஓடுகிற ஆள் தவறான ஆழத்தில் ஓடுவார்.

தொடக்கத்தில் கேமராக்களை உட்புறம் திருப்பாமல் இணையாக வைத்து, சற்று அகலமான ஃபிரேமில் எடுங்கள். எந்தப் பொருள் திரையிலேயே இருப்பதாகத் தெரிய வேண்டும் என்பதை, அதாவது திரைத்தளத்தை, எடிட்டிங்கில் படங்களை நகர்த்தித் தீர்மானிக்கலாம். உட்புறம் திருப்பினால் ஃபிரேமின் மூலைகளில் செங்குத்துப் பிழை மீண்டும் நுழைந்துவிடும்.

எடுத்ததைக் கிடைக்கும் மிகப் பெரிய திரையில் பாருங்கள். இடமும் வலமும் மாறியிருந்தால் முன்னால் நிற்கும் நடிகர் பின்சுவரில் வெட்டிய ஓட்டைபோலத் தெரிவார். இதைத் தவிர்க்கப் படப்பிடிப்பின்போதே கேமரா, கேபிள், மெமரி கார்டு மூன்றிலும் இடக்கண்ணுக்கு ஒரு நிறமும் வலக்கண்ணுக்கு வேறு நிறமுமாக டேப் ஒட்டிவிடுங்கள்.