பிரிட்டனில் பழைய டீசல் கார் வாங்குமுன்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் டீசல் பெட்ரோலைவிட மலிவு. அதனால் டீசல் கார் என்றாலே சிக்கனம் என்ற எண்ணத்தோடுதான் நம்மில் பலர் பிரிட்டனுக்கு வந்து இறங்குகிறோம். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. இரண்டு எரிபொருளுக்கும் ஒரே அளவு வரி. விலையோ பெரும்பாலும் டீசலுக்குத்தான் கூடுதல். ஒரு லிட்டரில் டீசல் கார் அதிக தூரம் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் நெடுந்தூரம் ஓட்டுகிறவருக்கே அந்த மிச்சம் கையில் நிற்கும்.

ஆகவே காரைப் பார்க்கும் முன் உங்கள் ஒரு வாரத்தைப் பாருங்கள். பிள்ளையைப் பள்ளியில் விடுவது, இரண்டு மைல் தள்ளியுள்ள மருத்துவமனைக்கு வேலைக்குப் போவது, சனிக்கிழமை தமிழ்க் கடை, வெள்ளிக்கிழமை கோயில் என்றால் டீசல் வேண்டவே வேண்டாம். பெட்ரோலோ ஹைபிரிட்டோ வாங்குங்கள். தினமும் மோட்டார்வேயில் முப்பது நாற்பது மைல் போய்வருகிறவர் மட்டும் மேலே படிக்கலாம்.

இப்படிக் கறாராகச் சொல்லக் காரணம் டி.பி.எஃப். எனப்படும் புகைக்கரி வடிகட்டி. புகைக்குழாயின் வழியில் இருந்துகொண்டு கரியைப் பிடித்து வைக்கும். நிரம்பத் தொடங்கியதும் எஞ்சின் கூடுதல் டீசலைச் செலுத்தி, வெப்பத்தை 600 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏற்றி, அந்தக் கரியை எரிக்கும். அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடமாவது வண்டி தொடர்ந்து ஓட வேண்டும். பாதியில் நிறுத்தினால் கரி அப்படியே தங்கும். எரியாத டீசல் கசிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கும். இது மாதக்கணக்கில் நடந்தால் வடிகட்டி அடைத்துவிடும். புதிதாக மாற்றினால் செலவு ஆயிரம் பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். காரை நிறுத்திய பிறகும் விசிறி பலமாகச் சுற்றுகிறதா, சூடான நெடி வருகிறதா? எரிப்பு பாதியில் நின்றிருக்கிறது என்று பொருள். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வாருங்கள். செலவுக்குப் பயந்து வடிகட்டியைக் கழற்றி எறிந்த கார்களும் சந்தைக்கு வருகின்றன. அப்படிப்பட்ட கார் எம்.ஓ.டி. எனப்படும் வருடாந்தரத் தகுதிச் சோதனையில் தேறாது.

இ.ஜி.ஆர். வால்வும் இதே நோயின் உறவுதான். புகையில் ஒரு பங்கை மீண்டும் எஞ்சினுக்குள் திருப்பும் வால்வு அது. குறுகிய ஓட்டத்தில் அதிலும் கரி படிந்து அடைக்கும்; வண்டி இழுவை குறைந்து திணறும்.

லண்டன்வாசிகளுக்கு அடுத்த கேள்வி யூலெஸ், அதாவது அதிகம் மாசுபடுத்தும் வண்டிகளிடம் கட்டணம் வாங்கும் மண்டலம். 2023 ஆகஸ்ட் 29 முதல் அது லண்டனின் எல்லாப் பெருநகரப் பகுதிகளுக்கும் பொருந்தும். யூரோ 6 என்ற புகை மாசுத் தரத்தை எட்டாத டீசல் காருக்கு ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு, வாரத்தில் ஐந்து நாள் வேலைக்குப் போனால் 62.50. 2015 செப்டம்பருக்குப் பின் பதிவான டீசல் கார்கள் பொதுவாக யூரோ 6. அதற்கு முந்தியவற்றிலும் சில தேறும் என்பதால், லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். இன்னொரு நுணுக்கம்: 2017 ஏப்ரலுக்கு முன் பதிவான கார்களுக்குச் சாலை வரி கார்பன் வெளியேற்றத்தைப் பொறுத்தது. சிறிய டீசல் கார்கள் பலவற்றுக்கு அது வருடத்துக்குச் சில பத்துப் பவுண்டுகளே; அதற்குப் பிந்தியவற்றுக்குப் பல மடங்கு. ஆகவே 2015 செப்டம்பருக்கும் 2017 மார்ச்சுக்கும் இடைப்பட்ட யூரோ 6 காரைத்தான் நான் முதலில் தேடச் சொல்வேன்.

பிடித்த கார் கிடைத்ததும் அரசாங்க இணையதளத்தில் அதன் எம்.ஓ.டி. வரலாற்றைப் படியுங்கள். இலவசம், வண்டி எண் போதும். ஆண்டுதோறும் ஓடிய மைல், சோதனையில் தவறக் காரணமான குறைகள், எச்சரிக்கைக் குறிப்புகள் எல்லாம் வரிசையாக இருக்கும். ஆண்டுக்கு மூவாயிரம் மைல் மட்டும் ஓடிய டீசல் காரை "குறைவாக ஓடியது" என்று பெருமையாக விற்பார்கள். எனக்கோ அதுதான் பயம். மோட்டார்வேயில் லட்சம் மைல் ஓடி, ஒழுங்காக ஆயில் மாற்றிய கார் அதைவிடப் பாதுகாப்பானது.

நேரில் போகும்போது, வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிரில் ஸ்டார்ட் ஆகும் சிரமத்தை மறைக்கிறார்களோ என்று சந்தேகிக்கலாம். புகைக்குழாயின் வாய்க்குள் விரலை விட்டுத் துடையுங்கள். வடிகட்டி சரியாக இருந்தால் விரலில் பெரிதாக எதுவும் ஒட்டாது. மை போலக் கரி அப்பினால் வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது அங்கே இல்லவே இல்லை. ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயில் மேல்கோட்டையும் தாண்டி நிற்கிறதா என்று பாருங்கள். டீசல் வாடை அடித்தால் திரும்பிவிடுங்கள். கையால் கியர் மாற்றும் காராக இருந்தால், நியூட்ரலில் ஓடவிட்டுக் கேளுங்கள். கடகடவென்ற சத்தம் கிளட்சை மிதித்ததும் மாறினால் எஞ்சினின் அதிர்வைத் தணிக்கும் டூயல் மாஸ் ஃபிளைவீல் என்ற சக்கரத்தைச் சந்தேகிக்க வேண்டும். அதுவும் பெரிய செலவு.

வால்வுகளையும் பிஸ்டனையும் ஒத்திசைவாக ஓட்டும் டைமிங் பெல்ட்டை மாற்றியதற்கான ரசீதைக் கேளுங்கள், எம்.ஓ.டி. வரலாற்றில் அது இருக்காது. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். ஃபோர்டின் 2.0 ஈகோபுளூ எஞ்சின்கள் பலவற்றில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும். ஆயில் மாற்றத் தவறிய வண்டியாக இருந்தால் தொடாதீர்கள். பி.எம்.டபிள்யூ.வின் என்47 எஞ்சின் (2007 முதல் 2011 வரையிலானவை) பெல்ட்டுக்குப் பதில் உள்ள டைமிங் செயினின் சிக்கலுக்குப் பேர்போனது. செயின் எஞ்சினின் பின்புறம் இருப்பதால் கூலி மிக அதிகம். ஹோண்டா சிவிக் 1.6, ஸ்கோடா ஆக்டேவியா 2.0 டீசல் இரண்டையும், சர்வீஸ் ஆவணங்கள் முழுமையாக இருந்தால், தயங்காமல் பரிந்துரைப்பேன். புகையின் நச்சைக் குறைக்கும் ஆட்புளூ என்ற திரவத்தை ஊற்றும் கார் என்றால் அதன் எச்சரிக்கையை அலட்சியம் செய்யாதீர்கள்; அது தீர்ந்தால் நிறுத்திய வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

முடிந்தவரை வியாபாரியிடமே வாங்குங்கள். நுகர்வோர் உரிமைச் சட்டம் 2015-இன்படி, வாங்கும்போதே இருந்த பெரிய குறை தெரியவந்தால் 30 நாளுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். தனியாளிடம் அந்தப் பாதுகாப்பு இல்லை. சொன்ன விவரம் பொய்யென்றால்தான் கேட்க முடியும். யாரிடம் வாங்கினாலும், காரின்மேல் கடன் பாக்கி உண்டா என்று கட்டணம் கட்டிச் சோதியுங்கள். தனியாளிடம் வாங்கினால், லாக்புக் எனப்படும் பதிவுச் சான்றில் உள்ள பெயரும் முகவரியும் விற்பவருடையதுதானா என்று பாருங்கள். பழைய உரிமையாளர் கட்டிய சாலை வரி உங்களுக்கு மாறாது. இன்சூரன்ஸ் எடுத்து, வரியும் கட்டிய பிறகே வண்டியைத் தெருவில் இறக்குங்கள்.