சிவப்பு நூல் சாயம் விட்டதை எப்படி நிறுத்தினேன்

பாட்டி பூவேலை செய்த பழைய தலையணை உறைத் துண்டுகளை அக்ரிலிக் மீடியத்தால் (பசைபோல ஒட்டும், நீர் கலந்த ஓவியத் திரவம்) கேன்வாஸில் ஒட்டிவிட்டு, சுற்றிலும் ஓவியம் தீட்டுவது என் திட்டம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கோடையின் ஈரக்காற்றில் மீடியம் மெதுவாகத்தான் காயும். அதற்குள் பூவேலையில் உள்ள மயிலின் சிவப்பு நூல் மட்டும் வெள்ளைத் தளத்தில் இளஞ்சிவப்பாகக் கசிந்துவிடும்.

வினிகரில் ஊறவைத்தேன், உப்புத் தண்ணீரிலும் அலசினேன். பருத்தி நூலில் ஏற்கெனவே ஏறிய சாயத்தை இரண்டுமே பிடித்து நிறுத்தாது. மீடியத்தை மெல்லிய பூச்சாகத் தடவியபோது கசிவு குறைந்தது, நிற்கவில்லை.

ஈர வெள்ளைத் துணியை முன்பக்கத் தையலில் அழுத்திப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. திருப்பிப் பின்பக்க முடிச்சுகளில் அழுத்தினால் சிவப்பு! வெளியே தெரியும் நூலில் இருந்த மிச்சச் சாயம் சலவையிலேயே போயிருக்கும், இறுக்கிய முடிச்சுக்குள் தங்கிவிட்டது போல. பசை படுவதோ பின்பக்கத்தில்தானே.

சரி, ஈரமே வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஓவியத்தை முதலில் முடித்து நன்றாகக் காயவிட்டேன். அப்புறம் முன்பக்கமிருந்து ஊசியால் துளையிட்டு (பின்னாலிருந்து குத்தினால் பெயின்ட் பெயரும்), வெள்ளை பாலியெஸ்டர் நூலால் துண்டின் ஓரத்தைத் தைத்தேன். வார்னிஷ் ஓவியத்துக்கு மட்டும், துணியில் படவிடவில்லை. அப்பாடா, கசிவு நின்றது.