வாக்குத்தத்த வசனத்தை வருடம் முழுவதும் பற்றிக்கொள்வது எப்படி?

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் வாங்கிய, புதிய வருடத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை வேதாகமத்துக்குள் செருகி வைத்துவிட்டு, பிப்ரவரிக்குள் அதை மறந்துபோவது நம்மில் பலருக்கும் பழகிப்போனது. அந்த வசனத்தை எப்படி வாசித்தால் அது நிலைத்திருக்கும் என்பதை, அட்டைகளில் நாம் அடிக்கடி காணும் எரேமியா 29:11-ஐக் கொண்டே பார்க்கலாம்.

முதலில் அட்டையை ஓரமாக வைத்துவிட்டு அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். அந்த வசனத்தின் "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்ற சொற்கள், எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தில் வருகின்றன. அதற்கு முந்திய வசனமோ 70 வருஷம் என்று சொல்லுகிறது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது கேட்டுக்கொண்டிருந்த முதியவர்களுக்கு, தாங்கள் ஊர் திரும்பப்போவதில்லை என்பது புரிந்திருக்கும். ஆயினும் வீடு கட்டவும், தோட்டம் போடவும், பிள்ளைகளுக்கு மணம் முடிக்கவும், தாங்கள் சிறைப்பட்டு வந்து சேர்ந்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபிக்கவும் அவர்களுக்குக் கட்டளை வந்தது. யாருக்கு, எந்த நிலையில் சொல்லப்பட்டது என்று அட்டையின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். விசாவும் வேலையும் இந்த வருடமே கிடைத்துவிடும் என்று அதில் எங்கும் இல்லை என்பது அப்போது தானாகவே தெரியவரும்.

அப்படியானால் அது நமக்கு எப்படிச் சேரும்? தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் கிறிஸ்துவுக்குள் "ஆம்" என்று இருப்பதாக 2 கொரிந்தியர் 1:20 சொல்லுகிறது. அவருக்குள் இருப்பவர்களுக்குப் பாவமன்னிப்பும் உயிர்த்தெழுதலும் உறுதி என்பதே அந்த நம்பிக்கையின் மையம். இங்கேதான் பலர், என்னையும் சேர்த்து, "எனக்கு விசுவாசம் போதவில்லையே" என்று தங்களையே அளக்கத் தொடங்கிவிடுகிறோம். ஆபிரகாமைப் பாருங்கள். பெரிய ஜாதியாக்குவேன் என்ற தேவனுடைய வாக்கைக் கேட்டு 75 வயதில் ஆரானைவிட்டுப் புறப்பட்டவர், "எனக்கு என்ன தருவீர்?" என்று தேவனிடமே முறையிட்டார், 86 வயதில் மனைவி சாராளின் அடிமைப்பெண் ஆகார் மூலம் இஸ்மவேலைப் பெற்றார், 99 வயதில், சாராள் பிள்ளை பெறுவாளோ என்று முகங்குப்புற விழுந்து நகைத்தார், ஈசாக்கு பிறந்தபோது அவருக்கு 100 வயது. இத்தனை தடுமாற்றங்களுக்கு நடுவிலும், ஆதியாகமம் 15:6-இல் அவருடைய விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டது, அதுவும் உடன்படிக்கையின் அடையாளமான விருத்தசேதனம் பெறுவதற்கு முன்பே என்பதைப் பவுல் ரோமர் 4-இல் சுட்டிக்காட்டுகிறார். இரட்சிப்பு தேவனுடைய ஈவு. வாங்க நீட்டும் கை நடுங்கினாலும் ஈவு குறைந்துவிடுவதில்லை. ஆகவே உங்கள் விசுவாசத்தை அளப்பதை விட்டு, வாக்குக் கொடுத்தவர் யார் என்பதையே ஜெபத்தில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். சோர்ந்த நாட்களில் 13-ஆம் சங்கீதத்தின் "எதுவரைக்கும்" என்ற கேள்வியையும் தயங்காமல் கேளுங்கள்.

பிறகு, வாக்குத்தத்தத்துக்கேற்ற ஒரு செயலைச் செய்யுங்கள். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தபோது, காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருந்த எரேமியா, இந்தத் தேசத்தில் நிலங்கள் மறுபடியும் வாங்கப்படும் என்ற தேவனுடைய வாக்கின்படி, ஆனதோத் என்ற ஊரில் தன் பெரிய தகப்பன் மகனுடைய நிலத்தை 17 சேக்கல் (அக்கால எடை அளவு) வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கினார். நிலம் வாங்க அதைவிடத் தகாத காலம் இருந்திருக்க முடியாது. கிரயபத்திரத்தை அநேகநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். நீங்கள் பல வருடங்களாகப் பேசாத உறவினருக்கு ஒரு தொலைபேசி அழைப்பாகவும் அந்தச் செயல் இருக்கலாம்.

அடுத்த டிசம்பரில் புதிய அட்டை வரும்போது பழையதை எறிந்துவிடாதீர்கள். இரண்டையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.